மீதி எங்கே போனது?

எம்.எஸ்சி. முடித்த கையோடு, மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பிராசஸ் லேபில் எனக்கு வேலை கிடைத்தது. ஊர், பேர் வேண்டாம். சேர்ந்து எட்டு மாதத்தில் ஒரு மருந்தின் கடைசிக்கு முந்தைய ஸ்டெப்பை 92 சதவீத ஈல்டுக்குக் கொண்டுவந்தேன். அதுவரை 81-இல் நின்றிருந்த ஸ்டெப். சீனியர் தோளில் தட்டினார். கல்லூரி லேபில் 60 சதவீதம் எடுத்தாலே அன்றைக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் எனக்கு ராஜமரியாதை நடக்கும். 92 என்றால் சும்மாவா?

அந்த வாரக் கடைசியில் ஒரு கையெழுத்துக்காக ஆலையின் பின்பக்கம் இருந்த கழிவு யார்டுக்குப் போனேன். அங்கே டிரம்களை எடைபோட்டுப் பதிவு செய்ய ஒரு அண்ணன் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பேப்பரில் பேட்ச் நம்பரைப் பார்த்துவிட்டு, "சார், இது உங்களோடதா?" என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான்.

"ஒரு டிரம்மு சரக்கு முன்பக்கமாப் போச்சு. எனக்குப் பதினாலு டிரம்மு பின்பக்கமா வந்திருக்கு. இதுல எது சார் நீங்க செஞ்சது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். என்னிடம் பதில் இல்லை. ஐந்து வருடம் கரிம வேதியியல் படித்தவனுக்கு அந்தக் கேள்வியை எந்தப் பரீட்சையிலும் யாரும் போடவில்லை.

ஈல்டு என்றால் என்ன என்று வேதியியல் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு படி மாவுக்கு 40 இட்லி வரவேண்டும், 37 வந்தது என்றால் 92 சதவீதத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான் கணக்கு. எரித்த விறகு, ஊற்றிய எண்ணெய், பாத்திரம் கழுவிய தண்ணீர், தூக்கிப்போட்ட இட்லித்துணி எதுவும் இதில் சேராது. இதில் சமையல்காரரின் கைத்திறன் தெரியும், சமையலறையின் நிலைமை தெரியாது. கரிம வேதியியல் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 1990 வரை இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டுதான் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொண்டது. நோபல் வாங்கியவர்களும் அப்படித்தான், நானும் அப்படித்தான்.

*

அந்த அண்ணனின் கேள்வியை எனக்கு முன்பே கேட்டவர் ஒருவர் இருந்தார் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ரோஜர் ஷெல்டன், இங்கிலாந்துக்காரர். 1980-களில் நெதர்லாந்தில் ஒரு மருந்து வேதிப்பொருள் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். அங்கே ஃப்ளோரோகுளூசினால் என்ற பொருளைத் தயாரித்தார்கள். மருந்துத் தயாரிப்பில் இடைப்பொருளாகப் பயன்படும். வயிற்றுப் பிடிப்புக்குத் தனி மருந்தாகவும் கொடுப்பார்கள். வருடத்துக்கு சுமார் 100 டன் உற்பத்தி. ஆரம்பப் பொருள் எது தெரியுமா? டி.என்.டி. ஆமாம், குண்டில் போடுகிற அதே டி.என்.டி.தான்.

முதலில் டி.என்.டி.யைக் கந்தக அமிலத்தில் பொட்டாசியம் டைகுரோமேட் போட்டு ஆக்சிஜனேற்றம் செய்வார்கள். பிறகு இரும்புத் தூளும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து ஒடுக்குவார்கள். பிறகு தண்ணீரில் சூடாக்கினால் ஃப்ளோரோகுளூசினால் வரும். 19-ஆம் நூற்றாண்டுப் பாடப்புத்தகத்தில் பார்க்கக்கூடிய வழி. மொத்த ஈல்டு 90 சதவீதத்துக்கு மேல். என் சீனியர் பார்த்திருந்தால் ஷெல்டன் தோளிலும் தட்டியிருப்பார்.

ஆனால் ஒரு கிலோ ஃப்ளோரோகுளூசினாலுக்கு 40 கிலோ திடக்கழிவு விழுந்தது. குரோமியம் சல்ஃபேட், அம்மோனியம் குளோரைடு, இரும்பு குளோரைடு, பொட்டாசியம் பைசல்ஃபேட் எல்லாம் கலந்த கழிவு. அதாவது 100 டன் மருந்துச் சரக்குக்கு 4,000 டன் குப்பை. சமன்பாட்டைத் தாளில் ஒழுங்காக எழுதிப் பார்த்தாலே ஒரு கிலோவுக்கு 20 கிலோ போலக் கழிவு வரும் என்பது தெரிந்துவிடும். ஆனால் நிஜ ஆலையில் வினை முழுமையாக நடக்கவேண்டுமென்று பொருள்களை அதிகப்படியாகப் போடுவார்கள், மிஞ்சிய அமிலத்தைக் காரம் ஊற்றி நடுநிலையாக்குவார்கள். இருபது நாற்பதாகிவிடும்.

அந்த ஆலையைக் கடைசியில் மூடினார்கள். சுற்றுச்சூழல் போராட்டமோ கோர்ட் உத்தரவோ அதற்குக் காரணம் அல்ல. குரோமியம் கலந்த கழிவை முறைப்படி அப்புறப்படுத்தும் செலவு, பொருளின் விற்பனை விலையை நெருங்கிவிட்டது. குப்பை அள்ளுகிற கூலி சரக்கின் விலைக்குச் சமமாகிவிட்டால் எந்த முதலாளியும் கடையைச் சாத்துவார். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. பசுமை வேதியியல் என்று இன்று நாம் மரியாதையோடு சொல்லும் துறையின் வேர்களில் ஒன்று இந்தக் கல்லாப்பெட்டிக் கணக்கில் இருக்கிறது. நெதர்லாந்தில் கழிவைக் கொட்ட விலை இருந்ததால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது.

ஷெல்டன் அதோடு நிற்கவில்லை. மற்ற ஆலைகளின் கணக்கையும் போட்டுப் பார்த்தார். ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்ற எண்ணுக்கு ஈ ஃபேக்டர் என்று பெயர் வைத்து, 1992-இல் ஒரு பட்டியலை வெளியிட்டார். வேதியியல்காரர்களுக்கு அது முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்திருக்கும். ஏனென்றால் நாமெல்லாம் அழுக்கு என்று நினைக்கும் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கிலோவுக்கு 100 கிராம்கூடக் கழிவு இல்லை. மொத்த ரசாயனங்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து கிலோ. நுண்ரசாயனங்களுக்கு ஐந்திலிருந்து ஐம்பது. வெள்ளைக்கோட்டு, ஏ.சி., கண்ணாடிக் கதவு என்றிருக்கும் மருந்துத் தொழிலுக்கு 25-இலிருந்து 100-க்கும் மேல்! இத்தனைக்கும் தண்ணீரை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. கரைப்பான்களில் பெரும்பகுதி மீட்கப்படும் என்ற நம்பிக்கையிலேயே போட்ட கணக்கு அது.

என் பதினாலு டிரம் அந்தப் பட்டியலில் நல்ல பிள்ளை. இது எனக்கு ஆறுதலாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று இன்றும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

இங்கே ஒரு பக்கவாட்டுக் குறிப்பு. ஷெல்டனின் நாற்பது கிலோவில் இன்னொரு கழிவு சேரவே இல்லை. டைகுரோமேட் வானத்திலிருந்து விழுவதில்லை. குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலோடு சேர்த்து உலையில் வறுத்துத்தான் குரோமேட் உப்புகளைச் செய்கிறார்கள். வறுத்தபின் மிஞ்சும் சக்கையில் புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிற குரோமியம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது எப்படியிருக்கும் என்று பார்க்க நெதர்லாந்து போகவேண்டாம். ராணிப்பேட்டை சிப்காட்டில், 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலைக்குப் பின்னால் அந்தச் சக்கை சுமார் 2 லட்சம் டன் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாக ஓடிவரும் தண்ணீரைப் பற்றி எத்தனையோ செய்திகள் வந்திருக்கின்றன. ஒரு ஆலை எங்கோ வாங்கும் வினைப்பொருள், இன்னொரு ஊரில் யாருடைய கிணற்றிலோ தன் மீதியை விட்டுவிட்டுத்தான் வருகிறது. ஈ ஃபேக்டரின் எல்லை ஆலையின் கேட்டோடு முடிந்துவிடும்.

*

இந்த வரலாற்றை ஒரே மாத்திரையில் சொல்லவேண்டும் என்றால் ஐபுப்ரோஃபென்தான். வீட்டில் புரூஃபென் என்போம். பாராசிட்டமாலோடு சேர்ந்து காம்பிஃப்ளாம் என்ற பெயரில் பல்வலிக்காரர்கள் எல்லோரும் விழுங்கியிருப்போம்.

இதைக் கண்டுபிடித்தது இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரிலிருந்த பூட்ஸ் கம்பெனி. ஸ்டூவர்ட் ஆடம்ஸ் என்ற மருந்தியலாளரும் ஜான் நிக்கல்சன் என்ற வேதியியலாளரும். ஆடம்ஸ் 16 வயதில் பள்ளியை விட்டு நின்று, பூட்ஸின் மருந்துக்கடையில் தொழில் பழகப் போனவர். 1950-களில், முடக்குவாதக்காரர்களுக்கு ஆஸ்பிரினைவிடத் தாங்கக்கூடிய ஒரு மருந்தைத் தேட ஆரம்பித்தார். அப்போது அவருக்கென்று ஒழுங்கான லேப் கூடக் கிடையாது. நகரின் ஓரத்தில் ஒரு பழைய வீட்டு அறையில் வேலை செய்தார். நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சோதித்தார்கள். நடுவில் இபுஃபெனாக் என்ற ஒன்று சந்தைவரை போய், கல்லீரலைப் பாதித்ததால் திரும்பப் பெறப்பட்டது. 1961-இல் ஐபுப்ரோஃபெனுக்குக் காப்புரிமை கேட்டார்கள்; 1969-இல் பிரிட்டனில் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கும் மருந்தாக வந்தது. மாஸ்கோவில் ஒரு மாநாட்டுக்குப் போன ஆடம்ஸ், முந்தைய இரவு வோட்காவின் தலைவலியோடு மேடையேற வேண்டியிருந்ததால் 600 மில்லிகிராமைத் தானே விழுங்கிப் பார்த்தார் என்பது அவரே பேட்டிகளில் சொன்ன கதை. கேட்டதுமே அவரைப் பிடித்துப்போகும். 2019-இல், 95 வயதில் காலமானார்.

மருந்தின் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அதைச் செய்த வழியின் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை.

பூட்ஸின் வழியில் ஆறு ஸ்டெப். ஐசோபியூட்டைல்பென்சீனில் ஆரம்பம். முதல் ஸ்டெப்பில் அசெட்டிக் அன்ஹைட்ரைடும் அலுமினியம் குளோரைடும். இந்த அலுமினியம் குளோரைடை வினையூக்கி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். வினையூக்கி என்றால் கல்யாணத் தரகர் மாதிரி, வேலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். இது போகாது. உண்டான பொருளையே கட்டிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பொருளுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ போட்டாக வேண்டும். கடைசியில் தண்ணீரை ஊற்றிக் கொன்றால்தான் பொருளை விடும். கிடைப்பது ஈர அலுமினியச் சேறு. அடுத்த ஸ்டெப்களில் குளோரோஅசிட்டேட் எஸ்டர் ஒன்றைச் சேர்ப்பார்கள். அதில் பெரும்பகுதியைப் பிறகு வெட்டி எறிவார்கள். ஹைட்ராக்சிலமீனைச் சேர்ப்பார்கள், அதன் நைட்ரஜனையும் கடைசியில் அம்மோனியாவாக வெளியே அனுப்பிவிடுவார்கள். சட்டை தைக்க இரண்டரை மீட்டர் துணி வாங்கி, ஒரு மீட்டரில் சட்டையும் மீதியைக் கத்தரித்துக் குப்பையிலும் போட்ட மாதிரி.

இது உவமை மட்டும் இல்லை, எண்ணும் ஏறத்தாழ அதுதான். பேரி டிராஸ்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1991-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் முன்வைத்தது எளிமையான கேள்வி: நீங்கள் உள்ளே போட்ட அணுக்களில் எத்தனை பொருளுக்குள் போய்ச் சேர்ந்தன? அதற்கு அணுச் சிக்கனம் என்று பெயர். பூட்ஸ் வழியில் உள்ளே போகும் எல்லா வினைப்பொருள்களின் மூலக்கூறு எடையையும் கூட்டினால் 514.5. ஐபுப்ரோஃபெனின் எடை 206. வகுத்தால் 40 சதவீதம். ஆறு ஸ்டெப்பும் நூற்றுக்கு நூறு ஈல்டில் நடந்தாலும், இந்த உலகத்தில் யாராலும் சாதிக்க முடியாத கைத்திறனோடு செய்தாலும், ஒரு கிலோ மருந்துக்கு ஒன்றரைக் கிலோ மீதி விழுந்தே தீரும். தப்பு கையில் இல்லை, வழியில் இருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு 92 மீது எனக்கிருந்த காதல் முடிந்தது.

1980-களின் நடுவில் ஐபுப்ரோஃபெனின் காப்புரிமை முடிவுக்கு வந்தது. டாக்டர் சீட்டில்லாமல் கடையிலும் விற்க ஆரம்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் செய்யலாம், யார் மலிவாகச் செய்கிறாரோ அவருக்கே சந்தை. பூட்ஸும் ஹெக்ஸ்ட் செலனீஸும் கைகோத்து பி.எச்.சி. என்ற கூட்டு நிறுவனத்தின் பெயரில் ஒரு புதிய வழியைக் கொண்டுவந்தார்கள். 1992-இல் டெக்சஸ் மாநிலத்தில் பிஷப் என்ற சிறு ஊரில் ஆலை ஓட ஆரம்பித்தது.

மூன்றே ஸ்டெப். அதே ஐசோபியூட்டைல்பென்சீன், அதே அசெட்டிக் அன்ஹைட்ரைடு. ஆனால் அலுமினியம் குளோரைடுக்குப் பதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு. அடுத்து ரேனி நிக்கல் முன்னிலையில் ஹைட்ரஜன். கடைசியில் பல்லேடியத்தின் துணையோடு கார்பன் மோனாக்சைடு நேரே உள்ளே நுழைந்து அமிலமாகிவிடும். கூட்டிப் பாருங்கள்: 134-ம் 102-ம் 2-ம் 28-ம் சேர்ந்து 266. அதில் 206 மருந்து. மீதி 60 அசெட்டிக் அமிலம், புளிக்காடியில் இருக்கும் அதே அமிலம். அதையும் பிடித்து வேறு வேலைக்கு அனுப்பிவிடலாம். அனுப்பிவிட்டால் கணக்கு 99 சதவீதம் என்கிறார்கள். 1997-இல் அமெரிக்க ஜனாதிபதியின் பசுமை வேதியியல் விருது இந்த வழிக்குக் கிடைத்தது.

முதன்முதலாக இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது. கணக்கில் ஒன்றரைப் பக்கத்துக்கு அடித்துத் திருத்திப் போட்ட விடையை, பின்பெஞ்சுப் பையன் மூன்று வரியில் போட்டுக் காட்டினால் வருமே, அந்த மாதிரி. கார்பன் மோனாக்சைடின் ஒவ்வொரு அணுவும் மருந்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. இதைவிட அழகாக என்ன செய்துவிட முடியும்?

*

அந்தச் சிலிர்ப்பு கொஞ்ச நாள்தான். பாடப்புத்தகங்கள் அந்த இடத்தில் கதையை முடித்துவிடுகின்றன. அதுதான் எனக்கு உறுத்தல்.

ஹைட்ரஜன் ஃபுளோரைடைப் பற்றிச் சொல்கிறேன். கொதிநிலை 19.5 டிகிரி. ஊட்டிக் குளிரில் திரவம், சென்னையில் எந்த மாதத்திலும் வாயு. தோலில் பட்டால் மற்ற அமிலங்களைப் போல மேலோடு சுட்டுவிட்டு நிற்காது. உள்ளே இறங்கிக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சில சமயம் பட்ட உடனே வலிகூடத் தெரியாது. பிறகு எலும்பிலும் ரத்தத்திலும் கால்சியம் குறைந்து இதயமே நின்றுபோகலாம். அதைக் கையாளும் இடங்களில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பை எட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள். 2012-இல் தென்கொரியாவின் குமி நகரில் ஒரு ஆலையில் இது கசிந்து ஐந்து பேர் இறந்தார்கள், சுற்றுவட்டாரப் பயிர்கள் கருகின.

பிஷப் ஆலையில் அதை மூடிய குழாய்களுக்குள் சுழலவிட்டு 99.9 சதவீதத்துக்கு மேல் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் விருதுக்கான வாதங்களில் முக்கியமானது. வாதம் உண்மைதான். அலுமினியச் சேறு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊரைக் கெடுக்கும். ஹைட்ரஜன் ஃபுளோரைடு எல்லாம் ஒழுங்காக நடந்தால் யாரையும் தொடாது, ஒழுங்கு தப்பும் ஒரே ஒரு நாளில் தொடும். எது பசுமை? கிலோ கணக்கு இதற்குப் பதில் சொல்லாது.

இந்தக் கேள்வியை நம் நாட்டைவிடக் கசப்பாகக் கேட்ட நாடு வேறு இல்லை. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். ஒரு தொட்டியிலிருந்து சுமார் 40 டன். மாநில அரசு பின்னர் ஏற்ற சாவுக் கணக்கு 3,787. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்வது அதைவிடப் பல மடங்கு. காவல், குளிரூட்டி, எரிகோபுரம் எதெது அன்றிரவு வேலை செய்யவில்லை என்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரு வேதியியல் மாணவனாக என்னைத் தூங்கவிடாதது வேறு ஒன்று.

அந்த ஆலை செய்தது செவின் என்ற பூச்சிமருந்து. அதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: மெத்திலமீன், ஃபாஸ்ஜீன், நாஃப்தால். போபாலில் முதலில் மெத்திலமீனையும் ஃபாஸ்ஜீனையும் சேர்த்து மெத்தில் ஐசோசயனேட்டைச் செய்து, தொட்டியில் வைத்துக்கொண்டு, பிறகு நாஃப்தாலோடு சேர்த்தார்கள். வரிசையை மாற்றலாம். முதலில் நாஃப்தாலையும் ஃபாஸ்ஜீனையும் சேர்த்து, அதில் கிடைப்பதோடு மெத்திலமீனைச் சேர்த்தால் அதே செவின் கிடைக்கும். நடுவில் மெத்தில் ஐசோசயனேட் பிறக்கவே பிறக்காது. இது பிற்பாடு யாரோ கண்டுபிடித்த வழியும் அல்ல. அதே பன்னாட்டு நிறுவனம் ஆரம்பத்தில் அமெரிக்காவில் இந்த வழியில்தான் செவின் தயாரித்தது.

இரண்டு சமன்பாட்டையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். நான் பார்த்தேன், ஒன்றுக்கு இரண்டு தடவை. உள்ளே போவதும் ஒன்று, வெளியே வருவதும் ஒன்று: செவின், கூடவே இரண்டு மூலக்கூறு ஹைட்ரஜன் குளோரைடு. அணுச் சிக்கனம் இம்மி பிசகாமல் சமம். டிராஸ்டின் தராசில் இரண்டு வழியும் ஒரே எடை. ஒரு வழியில் ஒரு நகரம் செத்தது, இன்னொரு வழியில் செத்திருக்காது. ஃபாஸ்ஜீன் இரண்டு வழியிலும் உண்டு, அதுவும் எமன்தான் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அன்றிரவு அந்தத் தொட்டிக்குள் இருந்தது அது அல்ல.

பிரிட்டனில் டிரெவர் கிளெட்ஸ் என்ற பாதுகாப்புப் பொறியாளர், 28 பேரைக் கொன்ற 1974 ஃபிளிக்ஸ்பரோ வெடிப்புக்குப் பிறகு, 1970-களின் கடைசியிலேயே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபத்தான பொருளுக்குப் பூட்டுக்கு மேல் பூட்டு போடுவதைவிட அதை வைத்துக்கொள்ளாமலே இருப்பது மேல் என்றார். போபாலுக்குப் பிறகு வேறு கம்பெனிகள் மெத்தில் ஐசோசயனேட்டைத் தேவைப்படும் அளவுக்கு மட்டும் உண்டாக்கி, உண்டான கணமே செலவழிக்கும் வழிகளுக்கு மாறின. செய்ய முடிந்ததுதான். முன்பே செய்திருக்கலாம்.

*

1991-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் பால் அனஸ்டாஸ் என்ற இளம் வேதியியலாளர் இந்தச் சிதறிய கேள்விகளையெல்லாம் ஒரு குடைக்குள் கொண்டுவந்து, பசுமை வேதியியல் என்று பெயர் வைத்தார். 1998-இல் அவரும் ஜான் வார்னரும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில்தான் பன்னிரண்டு விதிகள் இருக்கின்றன. இன்று எல்லாக் கல்லூரி வராண்டாவிலும் சார்ட் பேப்பரில் பச்சை ஸ்கெட்சில் எழுதித் தொங்குவது அவைதான். முதல் விதி கழிவைப் பற்றி, கடைசி விதி விபத்தைப் பற்றி. பலர் முதல் விதியோடு நின்றுவிடுகிறோம்.

வார்னர் மேடைகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்தவர், புதுப் புது மூலக்கூறுகளைச் செய்து குவித்தவர். பிறவிக் கல்லீரல் கோளாறால் அவருடைய இரண்டு வயது மகன் இறந்துபோனான். அன்றிரவு படுத்திருந்தபோது, தான் தொட்ட ஏதோ ஒரு பொருள்தான் காரணமோ என்று அவர் யோசித்திருக்கிறார். அதற்குப் பதில் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால், ஒரு பொருள் விஷமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத் தன் மொத்தப் படிப்பிலும் ஒரு வகுப்பில்கூட யாரும் சொல்லித்தரவில்லை என்பது அப்போது அவருக்கு உறைத்திருக்கிறது. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. டைகுளோரோமீத்தேனைக் கையுறை இல்லாமல் கழுவியவர்கள் நாங்கள்.

அதற்குப் பிறகு நல்ல காரியங்கள் நிறைய நடந்தன. மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மருந்தில் மூன்று ஸ்டெப்பை ஒன்றாக்கி, நான்கு கரைப்பான் கலந்திருந்த இடத்தில் எத்தனாலை மட்டும் வைத்தார்கள், 2002-இல் விருது. சர்க்கரை நோய்க்கான சிட்டாகிளிப்டினில் ரோடியம் உலோகமும் உயர் அழுத்த ஹைட்ரஜனும் செய்த வேலையை, 27 இடங்களில் மாற்றி வளர்த்த ஒரு நொதியிடம் ஒப்படைத்தார்கள், 2010-இல் விருது. நம் அம்மா அப்பா பலர் காலையில் விழுங்கும் மாத்திரை அது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2007-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் ஹைதராபாத் பக்கம் பட்டான்சேருவில், பல மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்ட நீரைச் சோதித்தார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். சுத்திகரித்த பிறகு! அங்கே கழிவைக் கொட்ட நெதர்லாந்தில் இருந்த விலை இல்லை. காப்புரிமை முடிந்த மருந்துகள் கிழக்கே வந்தபோது ஷெல்டனின் கணக்கு கூடவே வரவில்லை.

பிஷப் ஆலை பிறகு பாஸ்ஃப் கைக்குப் போனது. 2018-இல் பழுதாகிச் சில மாதம் நின்றபோது உலகச் சந்தையில் ஐபுப்ரோஃபென் தட்டுப்பாடு. அப்போது இந்திய, சீன ஆலைகளுக்கு ஆர்டர் குவிந்தது.

*

யார்டு அண்ணன் கேட்டதற்கு மறு மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். மாத ரிப்போர்ட்டில் ஈல்டுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ஒரு டிரம் சரக்கு, 14 டிரம் கழிவு. மேலே போய்விட்டுத் திரும்பி வந்தபோது அந்த வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு. "இது நம்ம டிபார்ட்மென்ட் இல்லப்பா" என்றார்கள், கோபம் ஏதுமில்லாமல். நானும் சண்டை போடவில்லை. புதிதாகப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பல வருடம் கழித்து, ஷெல்டனைப் படித்த கையோடு, அந்த ஸ்டெப்புக்கு ஈ ஃபேக்டர் போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். பழைய நோட்டு என்னிடம் இருந்தது. வினைப்பொருள்களின் எடை இருந்தது, வெப்பநிலை இருந்தது, நிறம் மாறிய நிமிஷம்கூட எழுதியிருந்தேன். கரைப்பானை எத்தனை லிட்டர் ஊற்றினேன் என்று இருந்தது, எத்தனை லிட்டர் மீட்டோம் என்று இல்லை. கழுவிய தண்ணீர் இல்லை. டிரம்களின் எடை இல்லை. அந்த எண்கள் எல்லாம் அண்ணனின் கட்டு நோட்டில் இருந்தன. அங்கே இன்னமும் வேலை பார்க்கும் நண்பனுக்கு போன் போட்டேன். யார்டை இடம் மாற்றினார்களாம். அண்ணன் வேலையிலிருந்து நின்று நாளாகிறதாம். பழைய நோட்டுகளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

என் நோட்டில் அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு 92 என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் சீனியரின் கையெழுத்து.